நல்லெண்ணெய் டின்னும் கறுப்பு மூடியும்

ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருக்கிற நல்ல பொருள் ஒன்றைப் பார்த்து, “வெளிநாட்டுல வாங்கினதா?” என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்பவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி ஒரு மனுஷியை என்ன பாடு படுத்தியது என்று பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். எனக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை.

தஞ்சாவூரில் கீழவாசலை ஒட்டிய ஒரு சந்து. ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். முன் போர்ஷனில் நானும் அம்மாவும். எனக்குத் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. பின் போர்ஷனில் அக்காவும் அவருடைய மாமியாரும். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சந்து முழுக்க அவர் ‘பின் வீட்டு அக்கா’தான். அவருடைய கணவர் மஸ்கட்டில் இருந்தார். திருவையாற்றுப் பக்கம் குத்தகைக்கு நிலம் பார்த்த குடும்பம். ஆற்றில் தண்ணீர் வரும் வராது என்று ஆன பிறகு, குத்தகையை விட்டுவிட்டு அவர் விமானம் ஏறினார். கலர் டிவியும் இரு சக்கர வண்டியும் வீட்டுக்கு வீடு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. சந்தில் பாதிப் பேருக்கு ஒரு மகனோ மாப்பிள்ளையோ வளைகுடாவில் இருந்தார்கள்.

அக்காவுக்கு ஒரு குணம். உள்ளே பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். ரேஷன் கடையில் மூட்டையின் வாயில் இருக்கிற அரிசியைக் காட்டினால், முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். என் இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அது நாலு துண்டாகத் தரையில் கிடக்கும். “உள்ள பாத்துட்டுச் சொல்லு” என்பதுதான் எதற்கும் அவர் சொல்கிற பதில். எதிர் வீட்டு மருமகள் ராங்கிக்காரி என்று யாரோ சொன்னபோதும் இதையேதான் சொன்னார்.

ஒருமுறை புதிதாகத் திறந்த கடை ஒன்றுக்கு என்னோடு மிக்ஸி வாங்க வந்தார். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், டை கட்டிய விற்பனைப் பையன்கள். அக்கா மிக்ஸியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டார்.

“மேடம், தெறந்தா வாரண்டி போயிடும்” என்றான் ஒருவன்.

“தெறக்காம வாங்குனா என் புத்தி போயிடும். உள்ள காப்பர் சுத்தியிருக்கா, அலுமினியம் சுத்தியிருக்கான்னு பாக்க வேணாமா?”

“யாருமே அப்படிக் கேக்க மாட்டாங்க மேடம். வீட்ல சார் இருந்தா கூட்டிட்டு வாங்க, அவருக்கு வெளக்கமா சொல்றேன்.”

நான் மிக்ஸியே வேண்டாம் என்று அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மஸ்கட்டில் இருக்கிற சாருக்கு பேட்டரியில் எந்தப் பக்கம் பிளஸ் என்று தெரியாது. அக்கா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண்ணாம். பெண் பார்க்க வந்தபோது அந்த டிப்ளமோவைப் பெருமையாகக் கேட்டுக்கொண்டவர்கள், தாலி ஏறியதும், “எங்க வீட்ல வேலைக்கு அனுப்புற வழக்கமில்ல” என்று சொல்லிவிட்டார்கள். வழக்கமில்லையாம்! படிப்பைக் கேட்டுத்தானே பெண் எடுத்தார்கள்?

அந்தப் படிப்பு சும்மா இருக்குமா? கீழவாசலில் காயலான் கடைகள் வரிசையாக உண்டு. டிவி வந்த வீடுகளிலிருந்து பழைய வால்வு ரேடியோக்கள் அங்கே வந்து குவிந்தன. எடைக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். அக்கா காய்கறிப் பையோடு போவார். கத்தரிக்காய்க்கு அடியில் ரெண்டு கண்ணாடி வால்வுகளைப் பழைய பாவாடைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். கல்யாண வீட்டு மைக் செட் ஒன்று கழித்துக் கட்டப்பட்டபோது அதன் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. ஊர்ப்புறத்தில் ஒரு டூரிங் கொட்டகையைப் பிரித்தபோது ஸ்பீக்கர் வந்தது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “ஊரு வேணாம்னு போடுறத எல்லாம் இவ வீட்டுக்குள்ள கொண்டாந்து அடுக்குறா.”

அடுத்த தெருவில் சவுதியிலிருந்து வந்த ஒருவர் ஒரு சிடி செட் கொண்டுவந்தார். அந்த ஊர் மின்சாரத்துக்கு, நூற்றுப் பத்து வோல்ட்டுக்குச் செய்தது. ஊரே கூடி நிற்க, சந்தனம் குங்குமம் வைத்து, நம் ஊர் பிளக்கில் செருகினார். ஒரு நிமிஷம்கூடப் பாடவில்லை, புகை வந்துவிட்டது. மனசு வெறுத்துப் போய் அதையும் காயலான் கடையில் போட்டார். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்து திறந்து பார்த்தபோது, கரண்ட் உள்ளே வருகிற பகுதியும் சத்தத்தைப் பெருக்குகிற பகுதியும் கருகிப் போயிருந்தன. தட்டைச் சுற்றவைத்துப் படிக்கிற பகுதி உயிரோடு இருந்தது. உள்ளே ஒரு சிடியும் சிக்கிக்கொண்டிருந்தது. அரபிப் பாட்டு.

“படிக்கிறது புதுசு. பாடுறது பழசு. ரெண்டையும் கட்டி வச்சா என்னடி?” என்றார் அக்கா.

கட்டி வைக்கிற வேலை மாதக்கணக்கில் நடந்தது. மாமியாரைக் கவனித்து, சமைத்து, தண்ணீர் பிடித்து, மிச்ச நேரத்தில் செய்தார். பதினைந்து கிலோ நல்லெண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து, மாம்பலகை மேல் அறைந்து, அதில் ஓட்டை போட்டு வால்வுகளை நிறுத்தினார். டின்னின் மேல் ‘சுத்தமான செக்கு நல்லெண்ணெய்’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. அது பளிச்சென்று மேலே தெரிந்தது.

“எழுத்து அடிப்பக்கம் போற மாதிரி திருப்பி அடிச்சிருக்கலாமேக்கா?” என்றேன்.

“எதுக்கு? எண்ணெ டின்னுதானே? ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?”

முதலில் பாட்டை விட அதிகமாக ‘ங்ங்ங்’ என்று ஒரு இரைச்சல்தான் வந்தது. அரைத்த மாவு புளித்துக்கொண்டிருக்க, அக்கா அந்த இரைச்சலோடு மல்லுக்கு நின்றார். ஒவ்வொரு எர்த் வயரும் ஒவ்வொரு இடத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் எல்லாவற்றையும் பிரித்து ஒரே ஆணியில் கொண்டுவந்து சேர்த்தார். இரைச்சல் நின்றது. மல்லிகைப் பூவைக் கட்டிக்கொண்டிருந்த என் அம்மா, “என்னது, திடீர்னு அமைதியாயிட்டு?” என்று எட்டிப் பார்த்தார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பிறகு எங்கள் சந்தில் ஒரு அரபிப் பெண் பாடினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பம். பால்காரர் கேட்டார், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டார், வீட்டுக்கார அம்மா கேட்டார். எல்லோருக்கும் ஒரே கேள்வி. “வீட்டுக்காரர் அனுப்புனதா?” அரபிப் பாட்டு வேறு பாடுகிறதே, வேறு எப்படி நினைப்பார்கள்? அக்கா அதற்கு மூடியே போடவில்லை. கேட்டவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்துவார். “உள்ள பாத்துட்டுச் சொல்லுங்க. மஸ்கட்டுல நல்லெண்ணெ டின்னா விக்கிறாங்க?” வந்தவர் பார்ப்பார், வாயைப் பிளப்பார். “நீங்களா!” என்பார். அந்த ‘நீங்களா’வுக்காகத்தான் அவர் அத்தனை மாதம் விரலைச் சுட்டுக்கொண்டார் என்று நான் நினைப்பேன். கேட்காமலே சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். ஆனால் கேட்டுவிட்டு, தப்பாக எடுத்துக்கொண்டு போக ஒருவரையும் விட்டதில்லை.

ஒரு வெயில் காலத்தில் கணவர் திரும்பி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்களாம். கடைசி மாதங்களில் சம்பளமே இல்லையாம். ஒரு சூட்கேஸ், அதில் அழுக்குத் துணி. சென்னையில் இறங்கி, வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் கொஞ்சம் சோப்பும் தைலமும் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷர்தான். அதிர்ந்து பேசத் தெரியாது. அந்த மனுஷர் பின் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்தால், அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்தமெல்லாம் கூடும். எல்லோருக்கும் முன்னால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். யாருக்கு என்ன என்று கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூடப் பிறந்தவளுக்கு முதல் பங்கு. அவருக்கு ஒரே தங்கை, நாகப்பட்டினத்தில் வாக்கப்பட்டவள். தகவல் போய்விட்டது, வருகிறாள்.

மாமியார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

“அந்தப் பாட்டுப் பெட்டி அவன் கொண்டாந்ததுன்னு இருக்கட்டும்மா. எம் புள்ள வெறுங்கையோட வந்து நிக்கிறான்னு ஊரு சொல்லக் கூடாது. பங்காளிங்க சிரிப்பானுங்க. ஒரு நாளைக்கு. ஒரே ஒரு நாளைக்கு.”

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘அது அவ செஞ்சதும்மா’ என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் ஒட்டுப்பலகை வாங்கிவந்து, அறுத்து, ஆணி அடித்து, பளபளவென்று கறுப்புப் பெயின்ட் பூசி ஒரு மூடி செய்தார். எங்கிருந்தோ ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கரைப் பிடித்து முன்னால் ஒட்டினார். அக்கா பின்பக்கம் சூடு போக ஓட்டைகள் போட்டுக் கொடுத்தார். போட்டுக்கொண்டே, “ஞாயித்துக்கெழம நீ வாயத் தொறக்கக் கூடாது” என்று என்னிடம் சொன்னார். நான் என் வாயை எப்படி மூடி வைத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வீடு கொள்ளவில்லை. சோப்பும் தைலமும் கை மாறின. கறுப்புப் பெட்டியில் அரபிப் பாட்டு பாடியது. கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அந்த நாட்டு சாமான் அந்த நாட்டு சாமான்தான்யா. நம்மாளு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படிச் செய்ய முடியுமா?” என்றார். அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது தங்கை எழுந்து வந்தாள். “அண்ணே, தங்கச்சிக்குன்னு என்ன கொண்டாந்த? சோப்பக் குடுத்து ஏமாத்தப் பாக்குறியா?” என்று சிரித்தாள். பெட்டியின் மேல் கையை வைத்தாள். “இத நான் எடுத்துக்கறேன். அடுத்த தடவ போவேல்ல, அண்ணிக்கு வேற கொண்டாந்து குடு.”

கேட்டதில் அவள் மேல் தப்பே சொல்ல முடியாது. பெட்டியில் வந்த சாமான் என்றால் முதல் பங்கு அவளுடையது. ஒரு நாளைக்கு என்று பொய்யைக் கேட்ட மாமியாருக்கு இது தோன்றவே இல்லை. அக்கா மறுபடியும் கணவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த மனுஷர் தரையைப் பார்த்துக்கொண்டு, “எடுத்துக்கம்மா” என்றார்.

எடுத்துக்கம்மாவாம்! யார் பொருளை யார் தூக்கிக் கொடுப்பது?

அக்கா பிளக்கைப் பிடுங்கினார். வால்வு ஆறும் வரை காத்திருந்தார். வயரைச் சுற்றினார். பழைய போர்வையில் பொதிந்து கொடுக்கும்போது, “பஸ்ல சாய்க்காம எடுத்துட்டுப் போம்மா” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கத்தினேன். “உங்களுக்கு ரோஷமே இல்லையாக்கா?”

“பொட்டி போனதுக்கு இல்லடி. இன்னொன்னு செஞ்சுக்குவேன்.” சாம்பலைப் போட்டு ஒரு தம்ளரைத் தேய்தேய் என்று தேய்த்தார். “அவரு தரையப் பாத்தாரு பாரு. அதுக்குத்தான்.”

கணவர் பிறகு ஒரு அரிசி ஆலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். மழைக்காலம் போய்ப் பொங்கலும் முடிந்த பிறகு, எங்கள் வீட்டு போனுக்கு நாகப்பட்டினத்திலிருந்து அழைப்பு வந்தது. பின் வீட்டுக்கு வருகிற அழைப்பெல்லாம் எங்கள் போனுக்குத்தான் வரும். பெட்டி பாடவில்லையாம். அங்கே இருக்கிற மெக்கானிக்குகள் எல்லாம், இது எந்த நாட்டு மாடல் என்றே தெரியவில்லை, மூடியைத் திறக்கக்கூட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். “அண்ணன வரச் சொல்லுங்க. அதுக்குத்தான் தெரியும்” என்றாள் தங்கை.

அண்ணனுக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லையாம். “நீ போயிட்டு வாயேன்” என்றார் அக்காவிடம். எனக்கு லீவு கிடைத்தது. நானும் கூடப் போனேன். விட்டுவிடுவேனா?

கடலுக்குக் கிட்டத்தில் வீடு. காற்றில் கையை நீட்டினாலே பிசுபிசுக்கிறது. தங்கையும் அவள் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் சுற்றி நிற்க, அக்கா கறுப்பு மூடியைக் கழற்றிப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்தார். உப்புக் காற்றில் வால்வின் கால்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிரப்பர் ஒன்றை வாங்கி ஒவ்வொரு காலாகத் தேய்த்தார். எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள், டின்னை யாரும் பார்க்கவில்லை. ஒரு வயர் விட்டிருந்தது, பற்றவைத்தார். ஸ்விட்சைப் போட்டார். வால்வு சிவந்தது. அரபிக்காரி பாடினாள்.

தங்கை கையைத் தட்டினாள். “பரவால்லயே அண்ணி! அண்ணன் உங்களுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கு.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். பிறகு தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். கொசு வராமல் இருக்க எங்கள் ஜன்னலுக்கு அடித்தோமே, அந்தக் கம்பி வலையில் மீந்த துண்டு. அளவாக மடித்து, ஓரத்துக்குத் தகடு வைத்து, பெட்டி மேல் கவிழ்க்கிற மாதிரி வீட்டிலேயே செய்து எடுத்து வந்திருக்கிறார். அதைக் கவிழ்த்து நான்கு மூலையிலும் ஸ்க்ரூவை முடுக்கினார்.

“மரமூடி போட்டா உள்ள ஈரம் தங்கும். இதுதான் சரி. கைய உள்ள விட்டுடாதீங்க, ஷாக் அடிக்கும். பாக்குறதுன்னா நல்லா பாக்கலாம்.”

கறுப்பு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திருவாரூர் வரும் வரை புலம்பிக்கொண்டே வந்தேன். நேராகச் சொல்லியிருக்க வேண்டாமா, உன் அண்ணனுக்கு ஃப்யூஸ் போடத் தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டாமா?

“நான் சொன்னா, நான் சொன்னதா இருக்கும்” என்றார் அக்கா. “அவளே பாக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கொண்டுபோய், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரின் எதிரில் வைத்தார். “இது உங்களுது” என்றார். அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். மூடி கொஞ்ச நாள் மூலையில் கிடந்தது. பிறகு மாமியார் அதை மல்லாத்தி வெங்காயம் போட்டு வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. தங்கைதான். குரல் சரியில்லை. அண்ணனைக் கூப்பிடச் சொன்னாள். நான் போய், “மாமா, ஒங்களுக்கு போன்” என்றேன். அவர் வந்து ரிசீவரை எடுத்தார். அக்கா ஈரக் கையோடு பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். அந்தப் பக்கம் தங்கை பேசியது கூடம் முழுக்கக் கேட்டது.

“அண்ணே, மேல கம்பி வலதானே இருக்கு, உள்ள எல்லாம் தெரியுது. சுத்தமான செக்கு நல்லெண்ணெய்னு தமிழ்ல போட்டிருக்கு. வர்றவங்க போறவங்கல்லாம் படிச்சுட்டு சிரிக்கிறாங்க. எங்க மாமியாரு கேக்குறாங்க, இது எந்த ஊரு மஸ்கட்டுன்னு. என்னண்ணே இது? யாரு செஞ்சது?”

அவர் தரையைப் பார்த்தார். இந்தத் தடவையும் அவ்வளவுதான் என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. ரிசீவரைப் பிடுங்கியே இருப்பேன். அதற்குள் அவர் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“உங்க அண்ணிதான்” என்றார். “முழுசும் அவதான் செஞ்சா. நான் கொண்டாந்தது ஒண்ணுமில்ல. கம்பெனியே மூடிட்டான், வெறுங்கையோடதான் வந்தேன். அந்தக் கறுப்பு மூடி மட்டும்தான் நான் செஞ்சது.”

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டது. “அண்ணியா!”

இவ்வளவு சின்ன விஷயத்தைச் சொல்ல அந்த மனுஷருக்கு இவ்வளவு நாள் ஆனதற்கு நான் இன்னமும் அவரை மன்னிக்கவில்லை. அக்கா மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கினார்.

“ஆமாம்மா, நான்தான்” என்றார். “வல மேல துணி கிணி போட்டு மூடிடாத. சூடு ஏறிக்கும்.”